வரிசை சார்பாகாது

சாதன இயக்கிகளுக்கு இடையே உள்ள சார்பு என்பது எதை முன்னால் ஏற்றுவது, எதைப் பின்னால் ஏற்றுவது என்ற வரிசைக் கணக்கு மட்டுமே என்றும், வரிசை ஒழுங்காக அமைந்துவிட்டால் சார்பும் தானே அமைந்துவிடும் என்றும் ஓர் அபிப்பிராயம் கெர்னல் வேலை செய்வோரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. கொல்கத்தாவின் நியூ டவுனில் ஆக்‌ஷன் ஏரியா இரண்டின் கண்ணாடிக் கட்டடங்களிலும், சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரிலும், நம்முடைய சென்னைத் தரமணியிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்ட இடமெல்லாம் விவாதத்துக்குரிய கருத்தாக அல்லாமல், விவாதம் முடிந்தபின் எஞ்சிய தீர்ப்பாகவே இது சொல்லப்பட்டது. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி.

பூர்வபட்சத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துரைப்பதுதான் முறை. லினக்ஸில் ஒரு மாட்யூல் மற்றொரு மாட்யூலின் செயற்கூறு ஒன்றை அழைக்க வேண்டுமானால், அழைக்கப்படும் மாட்யூல் அந்தச் செயற்கூற்றின் பெயரை, தொழிலில் சிம்பல் என்று வழங்குவதை, வெளிப்படையாக ஏற்றுமதி செய்திருக்க வேண்டும். டெப்மாட் என்னும் கருவி, நிறுவப்பட்ட மாட்யூல்கள் அனைத்தையும் திறந்து பார்த்து, எது யாருடைய சிம்பலை நாடுகிறது என்று கணக்கிட்டு, மாட்யூல்ஸ்.டெப் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. மாட்புரோப் அந்தக் கோப்பைப் படித்து, முன்னால் ஏற்ற வேண்டியவற்றை எல்லாம் ஏற்றிய பிறகே, கேட்ட மாட்யூலை ஏற்றுகிறது. இன்ஸ்மாட் கட்டளையைக் கையால் கொடுத்து, சிம்பல் தெரியவில்லை என்ற பிழையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்ட தலைமுறைக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. இந்தக் கணக்குக்கு அகப்படாத சார்புகள் இருந்தால், ஏற்றும் பட்டியலை நாமே எழுதிவிடலாம். அதற்கும் தப்பியவை இருந்தால், சாதனத்தைக் கைக்கொள்ளும் புரோப் என்னும் செயற்கூறு "இப்போது முடியவில்லை, பிறகு வருகிறேன்" என்று திரும்பிவிடலாம், கெர்னல் அதை மீண்டும் அழைக்கும். ஆக மூன்று வலைகள்: கருவியின் கணக்கு, மனிதரின் பட்டியல், கெர்னலின் மறுமுயற்சி. மூன்றையும் தாண்டி எந்த மீன் தப்பும் என்று கேட்கிறார்கள்.

நியூ டவுனில் இருப்பவர்கள் இதற்குத் தங்கள் ஊரையே உவமை காட்டுவதும் உண்டு. 1999-இல் நகரை அமைக்க ஹிட்கோ என்னும் நிறுவனம் நிறுவப்பட்டு, ராஜர்ஹாட்டின் வயலும் குளமுமான நிலத்தில் ஒரு நகரம் எழும்பியபோது, முதலில் சாலை, பிறகு குழாய், பிறகு வீடு என்ற வரிசைதானே அதை எழுப்பியது என்பார்கள். உவமை நல்ல உவமைதான். ஆனால் அது அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. குழாய் போட்ட நாளன்று வீட்டுக்கும் குழாய்க்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்துவிடுகிறதா, அன்றுதான் தொடங்குகிறதா?

இனி என் மறுப்புகள்.

1. டெப்மாட் எதைப் பார்க்கிறது?

பெயர்களைப் பார்க்கிறது, சாதனங்களை அது பார்ப்பதேயில்லை. ஒரு தொடுதிரைச் சில்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு மின்சாரம் தருவது போர்டின் வேறொரு மூலையில் இருக்கும் மின்மேலாண்மைச் சில்லு. அந்தச் சில்லுக்குத் தனி இயக்கி உண்டு. தொடுதிரையின் இயக்கி மின்சாரம் கேட்கும்போது அந்த இயக்கியை அழைப்பதில்லை. கெர்னலுக்குள்ளேயே அமைந்திருக்கும் ரெகுலேட்டர் அமைப்பை அழைத்து, எனக்கு உரிய மின்வழங்கலைக் கொடு என்கிறது. மின்மேலாண்மை இயக்கியும் தன்னை அதே அமைப்பிடம் பதிவு செய்துகொள்கிறது. இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் உச்சரிப்பதே இல்லை. ஆகையால் மாட்யூல்ஸ்.டெப் கோப்பில் இவ்விருவருக்கும் இடையே ஓர் எழுத்துகூட இராது.

இது எங்கோ நேர்ந்த விதிவிலக்கு அன்று. கடிகாரத் துடிப்பு, ஜிபிஐஓ, மின்வழங்கல், ஒலி, குறுக்கீட்டுக் கோடுகள் என்று கெர்னலின் ஒவ்வொரு துறையிலும் இத்தகைய நடு அமைப்புகளைக் கட்டியதன் நோக்கமே, பயன்படுத்துபவர் வழங்குபவரின் பெயரை அறியாமல் இருக்கவேண்டும் என்பதுதான். வடிவமைப்பு எவ்வளவுக்கு வெற்றி பெறுகிறதோ அவ்வளவுக்கு டெப்மாட் குருடாகிறது. சிம்பல் கணக்கைச் சார்பின் கணக்கு என்று கொண்டாடுபவர்கள், மோசமாக எழுதப்பட்ட இயக்கிகளில் மட்டுமே முழுமை பெறக்கூடிய ஒரு கருவியைக் கொண்டாடுகிறார்கள்.

சாதனங்களை விட்டு மென்பொருளுக்கே வந்தாலும் நிலைமை இதுதான். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தன் தரவு பழுதாகாதிருக்கிறதா என்று சரிபார்க்க, சிஆர்சி32சி என்ற கணக்கை மறையாக்க அமைப்பிடம் நெடுங்காலம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிவந்தது. கேட்டது ஓடும் நேரத்தில், ஒரு சொற்சரமாக, சிம்பலாக அல்ல. அதனால் எக்ஸ்ட்4-க்கு அந்த மாட்யூல் வேண்டும் என்பது டெப்மாட்டுக்குத் தெரிய வழியே இல்லை. துவக்க வட்டுப் பிம்பத்தில் எக்ஸ்ட்4 இருந்து சிஆர்சி32சி இல்லாமற்போனால், மூலக் கோப்பு முறைமையே திறவாது. இதைத் தீர்த்தது எது? எக்ஸ்ட்4-இன் மூலநிரலில் "எனக்கு முன்னால் சிஆர்சி32சி" என்று ஒருவர் எழுதிவைத்த மென்சார்புக் குறிப்பு. கருவி கண்டுபிடித்ததன்று அது. விஷயம் அறிந்த ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியது.

2. வரிசை சரியாக இருந்தும் சாதனம் செத்துப்போனால் என்ன சொல்வது?

போன மழைக்காலத்தில் ஒருநாள், நியூ டவுனில் ஒரு மாடி அலுவலகம். சன்னலுக்கு வெளியே, நார்க்கேல்பாகான் சந்திப்பின் மேல் விஸ்வ பங்களா வாயிலின் வளையம் மழையில் மங்கிக் கிடந்தது. (நார்க்கேல்பாகான் என்றால் தென்னந்தோப்பு, நாம் நாரிகேளம் என்று எழுதும் அதே சொல்.) மேசைமேல் பெட்டி நீக்கப்பட்ட ஒரு போர்டு, அதிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு சீரியல் கம்பி, பக்கத்தில் மண்குவளையில் ஆறிப்போன தேநீர். போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். தொடுதிரை துவக்கத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது, சற்று நேரத்தில் விறைத்துப்போகிறது, இதுதான் வியாதி. அவர் எழுதியிருந்த ஏற்றும் ஸ்கிரிப்டில் பதினொரு வரிகள்: பஸ் இயக்கி, மின்மேலாண்மை இயக்கி, தொடுதிரை இயக்கி, நடுநடுவே காத்திருப்பு. காத்திருப்பு முதலில் ஐந்து வினாடியாக இருந்து, பத்தாகி, நான் போனபோது பதினைந்தாகியிருந்தது.

"வரிசை சரியாத்தான் சார் இருக்கு. டைம்தான் பத்தலை. இருபது வெச்சுப் பாக்கட்டுமா?" என்றார்.

நான் காத்திருப்பை விட்டுவிட்டுக் கன்சோலில் ஓடிய வரிகளை மேலே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, தொடுதிரைக்கு உரிய மின்வழங்கல் காணப்படவில்லை, போலி ரெகுலேட்டர் பயன்படுத்தப்படுகிறது என்றது. மற்றது, ஏறத்தாழ முப்பதாவது வினாடியில், ஒரு மின்வழங்கலின் பெயரைச் சொல்லி, அணைக்கப்படுகிறது என்றது. இரண்டையும் அவர் பலமுறை கண்டிருந்தார். வெறும் எச்சரிக்கை என்று கடந்துபோயிருந்தார். பக்கத்து இருக்கையில் இருந்த வங்காளி நண்பரும், "தாதா, அது எல்லா போர்டிலும் வரும்" என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து சமாதானம் சொன்னார்.

நடந்தது இதுதான். போர்டின் உறுப்புகளையும் அவற்றின் இணைப்புகளையும் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில், தொடுதிரை எந்த மின்வழங்கலை நம்பியிருக்கிறது என்ற வரியை எவரும் எழுதவில்லை. எழுதாதபோது ரெகுலேட்டர் அமைப்பு, மின்சாரம் எப்படியோ எப்போதும் வருகிறது போலும் என்று நல்லெண்ணம் கொண்டு, ஒரு போலியைக் கையில் கொடுத்துவிடுகிறது. மின்சாரமும் வந்துகொண்டுதான் இருந்தது. பூட்லோடர் போகிற போக்கில் அதைத் திறந்துவிட்டுப் போயிருந்தது. ஆனால் கெர்னல் துவங்கி முப்பது வினாடி கழிந்ததும், எவரும் உரிமை கோராத மின்வழங்கல்களை எல்லாம் அந்த அமைப்பு அணைத்துவிடுகிறது, ஆளில்லாத அறையின் விளக்கைக் குடித்தனக்காரர் அணைப்பதைப் போல. அறைக்குள் தொடுதிரை இருந்தது; ஆனால் இருப்பதாக யாரிடமும் சொல்லவில்லை.

வரிசைக் கட்சியாரை நான் கேட்கிறேன்: இங்கே எந்த வரிசை உதவும்? தொடுதிரையை முதலில் ஏற்றுங்கள், கடைசியில் ஏற்றுங்கள், இருபது வினாடி இடைவெளிவிட்டு மும்முறை ஏற்றுங்கள். முப்பதாவது வினாடி வந்தே தீரும். ஏனெனில் பழுது வரிசையில் இல்லை. சொல்லப்படாத ஓர் உறவில் இருக்கிறது.

3. ஏற்றியாயிற்று என்றால் தயாராகிவிட்டது என்று பொருளா?

ஒரு மாட்யூலின் துவக்கச் செயற்கூறு பெரும்பாலும் செய்வது, இத்தகைய சாதனம் வந்தால் நான் கவனித்துக்கொள்கிறேன் என்று பெயர் கொடுப்பது மட்டுமே. சாதனம் வந்திருக்கிறதா, புரோப் ஓடியதா, ஓடி முடிந்ததா என்பதெல்லாம் வேறு விஷயம். புரோப் பின்னணியில் தனியே ஓடலாம், ஃபர்ம்வேருக்காகக் காத்திருக்கலாம், மின்மேலாண்மைச் சில்லே ஒரு பஸ்ஸின் மேல் உட்கார்ந்திருந்து, அந்தப் பஸ்ஸின் இயக்கி ஒரு கடிகாரத்துக்காகக் காத்திருக்கலாம். பட்டியலில் முதலாவதாக நிற்பது, தயாராவதில் கடைசியாக நிற்கலாம். ஸ்கிரிப்டில் காணும் காத்திருப்பு வரி, தன் பட்டியலைத் தானே நம்பாதவர் எழுதிக்கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம்.

4. உறவு துவக்கத்தோடு முடிகிறதா?

இந்தக் கேள்விக்கு இந்நாட்டு அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான மேசைகளில் கிடந்த ஒரு பொருளே பதில் சொல்கிறது. 2013-இல் இன்டெல் வெளியிட்ட ஹாஸ்வெல் வகைச் செயலிகளில், எச்டிஎம்ஐ வழியே ஒலி அனுப்பும் பகுதி ஒரு தனிப் பிசிஐ சாதனம். கிராபிக்ஸ் மற்றொரு தனிப் பிசிஐ சாதனம். முதலாவதற்கு ஒலித் துறையின் இயக்கி. இரண்டாவதற்கு ஐ915 என்னும் இயக்கி. பிசிஐ மரத்தில் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்றுக்கு மற்றது தாயும் அன்று, சேயும் அன்று. ஆனால் வன்பொருளை வகுத்தவர்கள், ஒலிப் பகுதிக்கான மின்சாரத்தைக் கிராபிக்ஸின் ஆளுகைக்கு உட்பட்ட ஒரு மின்கிணற்றில் வைத்துவிட்டார்கள். கிராபிக்ஸ் இயக்கி அந்தக் கிணற்றைத் திறந்தால் அன்றி ஒலிப் பகுதி உயிரோடு இராது.

முதலில் கையாண்ட உபாயம் என்னவென்றால், ஒலி இயக்கி ஓடும் நேரத்தில் ஐ915-இன் இரண்டு செயற்கூறுகளைப் பெயர் சொல்லித் தேடிப்பிடித்து, கிணற்றைத் திறக்கவும் மூடவும் அவற்றை அழைத்தது. ஏற்றும் வரிசையை மட்டும் நோக்கினால் காரியம் முடிந்தது என்றே சொல்லவேண்டும்: ஐ915 முன்னால், ஒலி பின்னால். ஆனால் ஒவ்வொரு முறை ஒலி எழும்போதும் கிணறு திறக்க வேண்டும், ஓயும்போது மூட வேண்டும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தும்போது ஒலி முதலில் உறங்கிக் கிராபிக்ஸ் பிறகு உறங்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது கிராபிக்ஸ் முதலில் விழித்து ஒலி பிறகு விழிக்க வேண்டும். உடன்பிறப்புகளான இரண்டு சாதனங்களில் எது முந்த வேண்டும் என்று கெர்னலின் மின்மேலாண்மை மையத்துக்கு யார் சொல்வது? மாட்யூல்கள் ஏற்றப்பட்ட வரிசையா? அது அந்த மையத்தின் காதுக்கே எட்டுவதில்லை.

2015 வாக்கில் இவ்விரண்டும் காம்பொனன்ட் என்னும் அமைப்பின் வழியே முறையாகப் பிணைக்கப்பட்டன. அதன் பிறகும் ஒலி இயக்கி, கிராபிக்ஸ் வந்து பிணையும் வரை 60 வினாடி வரைக்கும் வாசலில் காத்து நிற்கும் வழக்கம் இருந்தது. அந்தக் காத்திருப்பு பல ஆண்டு கழித்தே மறுமுயற்சியாக மாற்றப்பட்டது. உறக்க வரிசைக்கோ, பிணையும் இடத்திலேயே, ஒலிச் சாதனம் கிராபிக்ஸ் சாதனத்தைச் சார்ந்தது என்று கெர்னலுக்கு அறிவிக்கும் ஒரு சாதன இணைப்பு பின்னர் எழுதப்பட வேண்டியதாயிற்று. வரிசை போதும் என்ற சித்தாந்தத்துக்கு ஒரே ஒரு செயலிக் குடும்பத்தில் கொடுத்த விலை இது. உலகத்திலேயே மிகத் தேர்ந்த கைகள் கொடுத்த விலை.

5. வருகைக்கு வரிசை சொன்னவர்கள், புறப்பாட்டுக்கு என்ன சொன்னார்கள்?

மாட்யூலை நீக்க முயன்றால் பயன்பாட்டு எண்ணிக்கை தடுக்கும் என்பார்கள். தடுக்கும், ஆனால் எதைத் தடுக்கும்? நிரல் நினைவகத்திலிருந்து போய்விடாமல் தடுக்கும். இயக்கியைச் சாதனத்திலிருந்து பிரித்துவிடு என்று சிஸ்எஃப்எஸ் வழியே ஒருவர் கட்டளையிட்டால், நிரல் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும், சாதனம் அநாதையாகிவிடும், அதை நம்பியிருந்த மற்றோர் இயக்கி, இல்லாத ஒன்றின் முகவரியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த விபரீதத்தை நேரே எதிர்கொள்வது, ரஃபேல் விசோட்ஸ்கி வகுத்து 2017 பிப்ரவரியில் 4.10 பதிப்போடு வந்த சாதன இணைப்புதான்: வழங்குபவர் போகும்முன் பயன்படுத்துபவர் பிரிக்கப்படுகிறார், உறங்கும்போதும் விழிக்கும்போதும் அந்த உறவு மதிக்கப்படுகிறது. இரு மாட்யூல்களுக்கு இடையே அல்லாமல் இரு சாதனங்களுக்கு இடையே இழுக்கப்படும் கோடு அது என்பதைக் கவனிக்கவேண்டும்.

6. பட்டியல் யாருடைய சொத்து?

ஒரே இயக்கி ஆயிரம் போர்டுகளில் ஓடுகிறது. ஒரு போர்டில் திரையின் பின்னொளி, மையச் சில்லின் துடிப்பால் எரிகிறது. மற்றொன்றில் அதற்கெனத் தனிச் சில்லு. எது எதைச் சார்ந்தது என்பது இயக்கியின் குணமன்று, போர்டின் குணம். ஆகவே அது போர்டை விவரிக்கும் இடத்தில் எழுதப்பட வேண்டும். ஏஆர்எம் உலகம் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றது: போர்டுக்கு ஒரு நிரல் கோப்பு என்று கெர்னலுக்குள் குவித்து வைத்து, 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து பேசும்படி ஆன பிறகே, டிவைஸ் ட்ரீயை நோக்கி அது முழு மூச்சோடு திரும்பியது. ஸ்கிரிப்டில் வரிசை எழுதுபவர், கெர்னலுக்குள்ளிருந்து துரத்தப்பட்ட அதே போர்டுக் கோப்பைக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் அழைத்து வருகிறார். வித்தியாசம், முன்பு அது சி மொழியில் இருந்தது, இப்போது ஷெல்லில் இருக்கிறது.

எல்லாவற்றையும் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டால் மாட்யூல் தொல்லையே இல்லை என்று சொல்லும் உட்கட்சி ஒன்றும் உண்டு. அங்கே பட்டியலின் இடத்தில் துவக்கப் படிநிலைகளும் மேக்ஃபைல் வரிசையும் வந்து உட்காரும். தன் இயக்கியை ஒரு படி முன்னால் தள்ளிவிட ஒவ்வொருவரும் முட்டிமோதிய காலம் ஒன்று இருந்தது. அது கிடக்கட்டும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து, 5.10 கெர்னலோடு புதிதாக வெளிவரும் போன்களில் கெர்னல் பொதுவானது, தயாரிப்பாளரின் இயக்கிகள் எல்லாம் தனி மாட்யூல்கள் என்று கூகிள் விதித்துவிட்டதால், நம் சட்டைப்பையில் இருக்கும் பொருளிலேயே அந்த உட்கட்சிக்கு இடமில்லை.

இந்தியாவுக்கு இது தூரத்து விவகாரம் என்று எண்ணவேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா என்று ரிஸ்க்-வி வழியில் நமக்கென்று செயலிகள் உருவாகி, 2022-இல் மத்திய அரசு டிர்-வி என்ற திட்டத்தையும் அறிவித்திருக்கிறது. பிறர் எழுதிவைத்த டிவைஸ் ட்ரீயை நகலெடுத்துப் பிழைத்த காலம் போய், நாமே முதல் பிரதியை எழுதவேண்டிய காலம் வருகிறது. அந்த முதல் பிரதியில் விடுபட்ட வரியை நிரப்ப எந்த அயல்நாட்டார் வருவார்?

7. மறுமுயற்சி இருக்கிறதே?

இருக்கிறது, அது அவர்களுடைய முதல் இரண்டு வலைகளையும் அறுக்கிறது. கிராண்ட் லைக்லி கொண்டுவந்து 2012-இல் 3.4 பதிப்பில் சேர்ந்த ஒத்திவைப்பு முறையின் அடிப்படையே, வரிசையை முன்கூட்டி அறிய முடியாது என்ற ஒப்புக்கொள்ளல்தான். 517 என்ற பிழையெண்ணைத் திருப்பிக் கொடுத்த இயக்கியை, வேறு ஏதாவது ஓர் இயக்கி வெற்றியோடு பிணையும் ஒவ்வொரு முறையும் கெர்னல் மீண்டும் அழைத்துப் பார்க்கிறது. பிணைவது தள்ளிப்போன சாதனத்தை உறக்க வரிசையின் வாலுக்கு நகர்த்தவும் செய்கிறது. எளிமையான, நேர்மையான உபாயம். நான் அதை இகழமாட்டேன்.

ஆனால் அதை முழுத் தீர்வு என்பவர்களிடம் ஒன்று கேட்பேன். ஒத்திவைக்க வேண்டும் என்று இயக்கிக்கு எப்படித் தெரியும்? வழங்குபவர் ஒருவர் உண்டு, இன்னும் வரவில்லை என்று எங்கோ எழுதப்பட்டிருந்தால்தான் தெரியும். நார்க்கேல்பாகான் போர்டில் அந்த வரி இல்லாததால், ரெகுலேட்டர் அமைப்பு 517-ஐத் தரவில்லை, போலியைத் தந்தது. சார்பை அறிவிக்காதவருக்கு மறுமுயற்சி என்ற வலையும் கிடையாது. அறிவித்திருந்தாலும், யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதைப் பிழையெண் சொல்லாது. வரப்போவதே இல்லாத ஒருவருக்காகக் காத்திருக்கும் சாதனம், டீபக் கோப்பு முறைமையில் ஒரு பட்டியலில் எஞ்சி, யாராவது போய்ப் பார்க்கும் வரையில் கிடக்கும்.

எதிர்க்கட்சியின் மிக வலிய ஆயுதத்தை நான் மறைக்கப்போவதில்லை. டிவைஸ் ட்ரீயில் எழுதப்பட்டிருக்கும் உறவுகளைக் கெர்னலே படித்து, இயக்கிகள் ஓடும் முன்னமே சாதன இணைப்புகளாக்கிக்கொள்ளும் முறையைக் கூகிளின் சரவணா கண்ணன் உருவாக்கினார். அதை இயல்பு நிலையாக்கியபோது, 5.12 பதிப்பின் சோதனைக் கட்டத்திலேயே பல போர்டுகள் எழும்ப மறுத்தன; இயல்பு நிலை திரும்பப் பெறப்பட்டது; திருத்தங்களுக்குப் பின் 2021-இல் 5.13-இல்தான் மீண்டும் வந்தது. "பார்த்தீரா? எழுதிவைத்த சார்பும் பொய்த்தது" என்கிறார்கள்.

பொய்த்தது, ஏன் பொய்த்தது என்று பார்க்க வேண்டும். சில டிவைஸ் ட்ரீகளில் அ, ஆ-வைச் சார்ந்ததென்றும், ஆ, அ-வைச் சார்ந்ததென்றும் வட்டமாக எழுதியிருந்தது. சிலவற்றில் வழங்குபவர் என்று குறிக்கப்பட்டதற்கு இயக்கியே பிணைவதில்லை. இவை பல ஆண்டுகளாக யாரும் படித்துப் பார்க்காத வாக்கியங்கள். முதன்முறையாகக் கெர்னல் அவற்றை மெய்யென்று எடுத்துக்கொண்டு நடந்தபோது பிழை வெளிச்சத்துக்கு வந்தது, வட்டங்களைக் கண்டறிந்து தளர்த்தும் வழியும் உண்டாயிற்று. எழுதப்பட்ட பிழையைச் சுட்டிக்காட்டலாம், ஒரு திருத்தம் அனுப்பலாம், எல்லோருக்கும் அது போய்ச் சேரும். பதினைந்து வினாடிக் காத்திருப்பில் ஒளிந்திருக்கும் பிழைக்கு யார் திருத்தம் அனுப்புவது, எங்கே அனுப்புவது? டெப்மாட் சிம்பல் வட்டத்தைக் கண்டால் சுழற்சி என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதை ஒருவரும் டெப்மாட்டின் குற்றம் என்பதில்லை, பொதுப்பகுதியை மூன்றாவது மாட்யூலாகப் பிரித்தெடுத்து வடிவமைப்பைத் திருத்துகிறார்கள். சாதனங்களின் விஷயத்திலும் அதே நியாயத்தைக் கேட்பது அதிகப்படியாகாது.

அன்று அந்த இளைஞர் மண்குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு, சுற்றுப் படத்தை விரித்து, தொடுதிரையின் மின்கால் எங்கே போய்ச் சேர்கிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தார். மின்மேலாண்மைச் சில்லின் மூன்றாவது வழங்கலில் போய் முடிந்தது. டிவைஸ் ட்ரீயில் தொடுதிரையின் பகுதிக்குள், உன் மின்வழங்கல் இது என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். ஸ்கிரிப்டின் பதினொரு வரிகளையும் நீக்கினார். போர்டு எழும்பியது. மின்மேலாண்மை இயக்கி வரும் வரை தொடுதிரை தானே ஒதுங்கி நின்று, வந்ததும் பிணைந்தது. முப்பதாவது வினாடி வந்தது, முப்பத்தொன்றும் வந்தது. அந்த ஸ்கிரிப்ட் இப்போது அந்தப் போர்டில் இல்லை.